விஞ்ஞானமும் பெண்ணின் உரிமையும்



நீர்வேலிக் கமக்காரர் வாழையை வித்திட்டு வளர்ப்பதில்லை. குட்டி வைத்தே வளர்க்கின்றனர். நாம் உண்ணும் வாழைப்பழத்தில் முளைக்கத்தக்க வித்து இல்லை. அதற்கு முக்கிய காரணம் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் இருக்கிறது. உயிர்க்கலத்தினுள்ளே நூலிழை போன்ற நிறமூர்த்தங்கள் உள்ளன. காட்டுவாழையில் அவை 22. அதாவது 11 சோடிகள். நாம் பயிரிடும் வாழைகளிற் பெரும்பாலானவற்றில் அவை 33. சோடியாக அன்றி மும்மூன்றாக நிற்கின்றன. வித்து உருவாவதற்கு முன் அவை இரு சமபங்காகப் பிரிய வேண்டும். மூன்றை இரண்டாகப் பிரிப்பது எங்ஙனம்? பங்கீடு குழம்புகிறது, வித்து உண்டாவதில்லை.

பயிரின் இயல்பை அறிய நிறமூர்த்தங்களை எண்ணிப் பார்க்கவேண்டும் என்பது 20ஆம் நூற்றாண்டு விஞ்ஞானத்தின் பெருங்கருத்துக்களில் ஒன்று. அதனை நம் அயலிலே வளர்த்தவர் ஒரு பெண். அவர் ஈ. கே. ஜானகி அம்மாள்.

அவர் 1897இல் தலைச்சேரியிற் பிறந்தார். சென்னையில் தாவரவியல் கற்றார். அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையில் 1931இல் விஞ்ஞான கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றினார். தடித்த இனிய கரும்பில் 80 நிறமூர்த்தங்கள் உண்டு. ஆனால் அது நோய்க்கும் வறட்சிக்கும் எளிதில் தளரும். மெலிந்த காட்டுக்கரும்போ வலியது. இரண்டையும் கலந்து நல்லினம் காண்பதே அந்நிலையத்தின் பணி. எக்கலப்பு நிலைக்கும், எது மலடாகும் என்று அறிய அம்மையாரின் கணக்கு வேண்டியிருந்தது. கரும்பைச் சோளத்தோடும் அவர் கலந்து ஆராய்ந்தார்.

1945இல் டார்லிங்ரன் என்னும் ஆங்கில அறிஞரோடு சேர்ந்து, பயிர்த்தாவரங்களின் நிறமூர்த்த எண்களைத் தொகுத்த பெருநூலை வெளியிட்டார். 1951இல் நேரு அழைக்க, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கத் தாயகம் மீண்டார். எண்பதாம் வயதையொட்டியும் கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் அணைகட்டும் திட்டத்தை எதிர்த்தார். அவர் மறைந்த 1984ஆம் ஆண்டிலேயே அக்காடு தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

அம்மையார் மணம் புரியவில்லை. அது அவர் விருப்பம். ஆனால் படிப்பா, மணமா என்று ஒரு பெண்ணை இரண்டில் ஒன்றைத் தெரியும்படி நெருக்குதல் நீதியன்று.

1824இல் உடுவிலிற் பெண்களுக்கெனக் கல்விக்கூடம் கண்ட மண் இது. 1971ஆம் ஆண்டளவில் தரப்படுத்தல் வந்தபோது, வைத்தியத்துக்கும் பொறியியலுக்கும் நம் மாணவரிடம் கூடுதற் புள்ளி கேட்கப்பட்டது. திறமைக்கு மொழி தடையாகலாகாது என்பதே நம் வாதம். அரசை நோக்கிச் சொன்ன அந்நீதி நம் வீட்டு வாசலில் நின்றுவிடலாமா? திறமைக்குப் பெண்பிறப்பும் தடையாகலாகாது.

சட்டத்தையும் நோக்குவோம். தேசவழமையில் சீதனம் பெண்ணின் சொத்து. ஆயினும் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், அவள் வாழ்நாளில் தன் காணியைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை விதித்தது. அவன் நியாயமின்றி மறுத்தால் அவள் மாவட்ட நீதிமன்றத்தை நாடவேண்டும். மேற்படிப்புக்காகத் தன் பரப்புக் காணியை விற்க விரும்பும் மணமான பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். காணி அவளது, கையொப்பம் மற்றொருவரது!

ஆகவே நாம் இரண்டு கேட்கின்றோம். சம்மதம் வேண்டும் என்னும் அவ்விதி நீங்கவேண்டும். விஞ்ஞானத்தில் தேறிய மகளின் படிப்பைச் சீதனக் கணக்குக்காக எந்தப் பெற்றோரும் நிறுத்தலாகாது. முதலாவதைச் சட்டமன்றம் செய்யவேண்டும். அதற்கு நாம் போராடுவோம். இரண்டாவதற்கு எந்தச் சட்டமன்றமும் வேண்டியதில்லை. இன்றிரவே உங்கள் வீட்டில் அதனை நீங்கள் தீர்மானிக்கலாம்.