வில்லுக்கு ஏற்ற மரம்



வில் என்றதும் நம் நினைவுக்கு வருபவன் வில்லாளி. அவனுடைய குறி தவறாத கையையும் கூரிய கண்ணையும் போற்றுகிறோம். அவன் கையிலுள்ள வில்லுக்கு மரம் தேர்ந்தவன் யார், எங்கே தேர்ந்தான், எப்படித் தேர்ந்தான் என்று கேட்பவர் சிலரே. ஆனால், வில்லின் தரத்தில் பெரும்பகுதி உளி படுவதற்கு முன்பே, மரம் நிற்கும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. வேட்டையாடி உயிர் வாழ்ந்த பழங்கால மனிதன் தன் வில்லுக்குரிய மரத்தை எவ்வாறு தெரிந்தெடுத்தான், அதைக் காட்டிலிருந்து எவ்வாறு பெற்றான் என்பதைப் பற்றி இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன். இதில் கைத்தொழிலும் உண்டு, இயற்பியலும் உண்டு, நமக்குப் பயன்படும் ஒரு படிப்பினையும் உண்டு.

வளையும் வில்லுக்குள் என்ன நிகழ்கிறது என்பதை முதலில் காண்போம். பென்சில் எழுத்தை அழிக்கும் நீண்ட ரப்பர்த் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கத்தில், சீப்பின் பற்களைப் போல, மையினால் நெருக்கமாகச் சில குறுக்குக் கோடுகளை இடுங்கள். பிறகு அதை வளையுங்கள். வெளிப்புறத்தில் கோடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். உட்புறத்தில் ஒன்றையொன்று நெருங்கும். வகுப்பில் இதை நான் பலமுறை செய்து காட்டியிருக்கிறேன். வில்லிலும் நிகழ்வது இதுவே. வில்லாளிக்கு எதிர்ப்புறமாக உள்ள பக்கத்தை வில்லின் முதுகு என்பர். அவனை நோக்கிய பக்கத்தை வயிறு என்பர். நாணை இழுக்கும்போது முதுகு நீள முயல்கிறது, வயிறு நசுங்குகிறது. ஒரே கட்டை ஒரே நேரத்தில் இழுப்பையும் அழுத்தத்தையும் தாங்க வேண்டும். நாணை விட்டவுடன் விரைந்து நிமிரவும் வேண்டும். ஆகவே, தூணாக நின்று கூரையைத் தாங்கும் மரமெல்லாம் வில்லாகிவிடாது.

முதுகுதான் முதலில் முறியும் இடம். அங்கே நார்கள் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அறுபடாமல் ஓட வேண்டும். இதனால்தான் பழைய வில் தொழிலாளர் அடிமரத்தை வாளால் அறுக்காமல் ஆப்பு அடித்துப் பிளந்தனர். வாள் நாம் விரும்பிய வழியில் செல்லும். ஆப்போ நார் ஓடும் வழியில் செல்லும். முறுக்கேறி வளர்ந்த மரத்தைப் பிளந்தால் கட்டையும் முறுக்கியே வரும். ஆதலால் நிற்கும் மரத்தின் பட்டையில் உள்ள வரிகள் நேராக மேலே செல்கின்றனவா, சுற்றிச் சுற்றி ஏறுகின்றனவா என்று முதலிலேயே பார்ப்பார்கள். கிளை விட்ட இடத்தில் கணு இருக்கும். கணுவைச் சுற்றி நார் விலகி ஓடும். அத்தகைய பகுதியைக் கூடியவரை தவிர்ப்பார்கள். வெட்டிய கட்டையின் இரு முனைகளிலிருந்தும் ஈரம் மிக வேகமாக வெளியேறும். அவ்வாறு வெளியேறினால் முனைகள் வெடிக்கும். ஆதலின் முனைகளில் மெழுகோ பிசினோ பூசி, நிழலில் வைத்து, மெல்ல மெல்ல உலர்த்துவார்கள். அவசரக்காரனுக்கு இத்தொழில் வாய்க்காது.

இந்த இலக்கணங்களுக்கெல்லாம் இயற்கையிலேயே பொருந்தி வந்த ஒரு மரம் ஐரோப்பாவில் உண்டு. அதன் பெயர் யூ மரம். அதில் பட்டையை அடுத்து வெளிறிய மரமும், அதற்குள்ளே செந்நிறமான வைரமும் இருக்கும். வெளிறிய பகுதி இழுப்பை நன்கு தாங்கும். வைரம் அழுத்தத்தை நன்கு தாங்கும். இரண்டும் சேர்ந்திருக்குமாறு கட்டையைச் செதுக்கி, வெளிறிய பகுதியை முதுகாகவும் வைரத்தை வயிறாகவும் அமைத்தால், இயற்கையே இரண்டு மரங்களை ஒட்டிக் கொடுத்ததுபோல் ஆகிவிடுகிறது. 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனிக்கட்டியில் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. ஓட்ஸி என்று பெயரிடப்பட்ட அம்மனிதனின் பொருள்களுள், செதுக்கி முடிக்காத ஒரு வில்லும் இருந்தது. அதன் நீளம் 1.82 மீட்டர், அவன் உயரமோ ஏறத்தாழ 1.6 மீட்டர்தான். அந்த வில்லும் யூ மரத்தால் ஆனதே.

இங்கிலாந்தில் ரோஜர் ஆஸ்கம் என்னும் ஓர் ஆசிரியர் இருந்தார். பிற்காலத்தில் அரசியான எலிசபெத்துக்குப் பாடம் சொன்னவர். ஆசிரியத் தொழிலைப் பற்றிப் பெயர்பெற்ற நூல் ஒன்றை எழுதிய அவர், அதற்கு முன்பே, 1545-இல், ‘டாக்ஸோஃபிலஸ்’ என்னும் நூலை வில்வித்தையைப் பற்றி எழுதினார். கிளையிலிருந்து செய்த வில், இளங்கன்றிலிருந்து செய்த வில், அடிமரத்திலிருந்து செய்த வில் என்று பிரித்து, கிளையில் கணுக்கள் மிகுதி என்றும், அடிமரத்து வில்லே மேலானது என்றும் அவர் கூறுகிறார். அதே 1545-இல் மேரி ரோஸ் என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் கடலில் மூழ்கியது. அந்தக் கப்பலின் உடற்பகுதி 1982-இல் வெளியே தூக்கப்பட்டது. அதிலிருந்து 170-க்கும் மேற்பட்ட யூ விற்கள் கிடைத்துள்ளன. அவற்றின் சராசரி நீளம் 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு.

இத்தனை வில்லுக்கு மரம் எங்கிருந்து வந்தது? இதுதான் நம் பேச்சின் மையம். யூ மிக மெதுவாக வளரும் மரம். குளிர்ந்த மலைச்சாரலில் இன்னும் மெதுவாக வளர்வதால் அதன் ஆண்டு வளையங்கள் நெருங்கி அமைந்து, கட்டை உறுதி பெறும். அதனால் இங்கிலாந்து பிறநாட்டுக் காடுகளை நாடியது. 1472-இல் அந்நாடு ஒரு சட்டம் இயற்றியது; வெளிநாட்டு வணிகர் கொண்டுவரும் சரக்கில் ஒவ்வொரு டன்னுக்கும் நான்கு வில்கட்டைகள் கொடுக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. ஆண்டுதோறும் ஐரோப்பாவின் மலைக்காடுகளிலிருந்து கட்டைகள் ஆறுகளிலும் கடலிலும் பயணம் செய்தன. 1560-களில் பவேரிய அரசு, யூ மரம் வெட்டுவதை நிறுத்துமாறு பேரரசரிடம் முறையிட்டது. இந்த ஒரு மரத்தைத் தேடித் தேடிச் சாய்த்ததால் காட்டின் கூரை கிழிந்து, காற்று உட்புகுந்து, அக்கம்பக்கத்து மரங்களும் விழுந்தன. ஒரு தலைமுறை வெட்டியதைப் பல தலைமுறைகளாலும் வளர்த்து ஈடுசெய்ய இயலாது. வில் செய்யும் கலையைத் துல்லியமாக அறிந்த ஒரு நாகரிகம், வில் வளரும் காட்டின் கணக்கை அறியவில்லை.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றை அமெரிக்காவில் காண்கிறோம். நெவாடாவும் கிழக்குக் கலிபோர்னியாவும் அடங்கிய கிரேட் பேசின் என்னும் வறண்ட நிலத்தில் வாழ்ந்த பழங்குடி மக்கள் ஜூனிபர் மரத்தால் வேட்டை வில் செய்தனர். அங்கே நேரான நார் ஓடும் ஜூனிபர் அரிது, பெரும்பாலானவை முறுக்கேறியவை. நல்ல மரம் ஒன்று கிடைத்தால் அவர்கள் அதை வெட்டிச் சாய்க்கவில்லை. நிற்கும் மரத்தின் அடிப்பகுதியில், வேண்டிய நீளத்துக்கு மேலும் கீழும் குறுக்கே வெட்டிவிட்டு, இடைப்பட்ட பகுதி மரத்திலேயே உலரும்வரை காத்திருந்தனர். பிறகு அதை மட்டும் பிளந்து எடுத்தனர். மரம் சாகவில்லை. காயத்தின் மேல் புதிய மரம் நேராக வளர்ந்தது. மீண்டும் அதே இடத்தில் வில்கட்டை எடுக்க முடிந்தது. பிலிப் வில்கி என்னும் தொல்லியல் அறிஞர் இத்தகைய மரங்களை ஆராய்ந்து 1988-இல் வெளியிட்டார். ஒரே மரத்தில் பல கட்டைகள் எடுத்த தழும்புகள் இன்றும் காணப்படுகின்றன. ஜூனிபர் அழுத்தத்தை நன்கு தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆகவே விலங்கின் தசைநாரைப் பசையிட்டு வில்லின் முதுகில் ஒட்டினர். தம்மிடம் இருந்த மரத்தின் குறையை அறிந்து, அதை அறிவால் நிரப்பினர். பாட்டன் கட்டை எடுத்த மரத்தில் பேரனும் எடுக்க வேண்டும் என்னும் கருத்து அந்தத் தழும்புகளில் எழுதியிருக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். சேரர் தம் கொடியில் வில்லைப் பொறித்தவர்கள். நம் மலைகளில் வில்லுக்கு எளிதில் கிடைப்பது மூங்கில். தொல்காப்பியம் உள்ளே வைரம் உடையதை அகக்காழ் என்றும், வெளியே வைரம் உடையதைப் புறக்காழ் என்றும் பிரித்து, முன்னதை மரம் என்றும் பின்னதைப் புல் என்றும் வகுக்கிறது. மூங்கில் புறக்காழ்; அதன் வன்மையான நார்கள் வெளிப்புறத்திலேயே நெருங்கி நிற்கின்றன. வில்லின் முதுகுக்கு வேண்டியதும் அதுவே அல்லவா? எனவே மூங்கிலைப் பிளந்து வில் செய்பவன் அதன் வெளித்தோலைச் சீவாமல் முதுகாக வைப்பான். இளங்கழி வளைந்தபடியே நின்றுவிடும். ஏறத்தாழ மூன்று ஆண்டு முற்றிய கழியே வேண்டும். முற்றிய கழியை மட்டும் எடுத்து இளையதை விட்டுவைத்தால், புதரின் கிழங்கிலிருந்து புதிய முளைகள் எழுந்துகொண்டே இருக்கும். 2017-இல் இந்திய வனச் சட்டம் திருத்தப்பட்டு, மரம் என்னும் சொல்லின் வரையறையிலிருந்து மூங்கில் நீக்கப்பட்டது. இதனால், காடல்லாத நிலத்தில் வளர்த்த மூங்கிலை அந்தச் சட்டத்தின் கீழ் மரமாகக் கருதி அனுமதி கேட்க வேண்டிய தேவை ஒழிந்தது. தொல்காப்பியர் அதைப் புல் என்றதைச் சட்டமும் ஒருவாறு ஒப்புக்கொண்டது! காட்டு மூங்கிலோ இன்றும் வனத்துறையின் காவலில் உள்ளது. அதில் அனுமதியின்றிக் கைவைத்தல் ஆகாது.

வேட்டையைப் பற்றியும் ஒரு சொல். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், நம் நாட்டில் காட்டு விலங்குகளை வேட்டையாடுவது குற்றம். நீங்கள் வில் செய்தால் அது வைக்கோல் இலக்குக்காகவே இருக்கட்டும். பெரியவர் ஒருவர் அருகிலும் இருக்கட்டும்.

வில் செய்ய விரும்புகிறவன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்த மரத்தின் நார் எவ்வாறு ஓடுகிறது? இது இழுப்பையும் அழுத்தத்தையும் தாங்குமா? நான் எடுத்த பின்னும் இது வாழுமா? முதல் இரண்டையும் கேட்டவர்கள் சிறந்த விற்களைச் செய்தார்கள். மூன்றாவதையும் கேட்டவர்கள், தமக்குப் பின் வந்தவர்களும் வில் செய்ய வழி வைத்துப் போனார்கள். நீங்கள் எத்தொழிலை மேற்கொண்டாலும் இந்த மூன்றாவது கேள்வியை மறவாதீர்கள்.