கணினி வலையும் கட்டற்ற மென்பொருளும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிப் பேசுக என்று செயலாளர் பணித்தார். கல்வியின் சிறப்பை இம்மேடையில் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பலர் பேசிவிட்டனர். ஆகவே நாம், நம் பள்ளியில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லி, அதன் வழியே ஒரு தொழிலை இளைஞர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறோம்.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கரிசல் ஊர் ஒன்றில் நாம் தலைமையாசிரியராகப் பணியாற்றுகிறோம். பள்ளியின் கணினி ஆய்வகத்தில் நாள்தோறும் முற்பகலில் இணையம் அறுந்துபோகும். சிறிது நேரத்தில் தானே வரும். பழுது பார்க்க வந்த ஒருவர் கம்பிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காலனிப் பிள்ளைங்க எதையாவது பிடுங்கி விடுறாங்க சார்" என்று சொல்லிச் சென்றார். சான்று எதையும் அவர் காட்டவில்லை. வெட்கத்துடன் சொல்கிறோம்: நாமும் கேட்கவில்லை. காலனியிலிருந்து படித்து வந்த நாமே அப்பிள்ளைகளை இரண்டு வாரம் ஆய்வகத்திற்குள் விடாமல் நிறுத்தி வைத்தோம். அப்பொழுதும் இணையம் அறுந்துகொண்டுதான் இருந்தது. 'முன்னரே கெடுத்துவிட்டார்கள்' என்று அதற்கும் விளக்கம் கூறப்பட்டது.

நம்மிடம் பயின்று, பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்று, மதுரையில் கணினி வலைப் பராமரிப்பு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி பங்குனிப் பொங்கலுக்கு ஊர் வந்திருந்தாள். செய்தியைக் கேட்டு, "யாரையும் கேக்க வேண்டாம் ஐயா, பெட்டியைக் கேட்டா அதுவே சொல்லும்" என்றாள். தன் அக்காள் பள்ளியில் பெற்ற பழைய விலையில்லா மடிக்கணினியைக் கொண்டுவந்து, அதில் லினக்ஸையும் லிப்ரெஎன்எம்எஸ் என்னும் மென்பொருளையும் ஏற்றினாள். அதன் மின்கலம் அரைமணி நேரமே தாங்கும், அதுவே போதுமாயிருந்தது. மென்பொருளுக்கு விலை இல்லை. ஒரு கம்பி வாங்கிய காசே செலவு.

இம்மென்பொருள் செய்யும் வேலை, நம் கண்மாய்களில் நீர்க்கட்டி செய்த வேலையே. கண்மாயில் எத்தனை அடி நீர் நிற்கிறது, எந்த மடை திறந்திருக்கிறது, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று கரையோடு நடந்து பார்த்தவர் அவர். தென்மாவட்டங்களில் அப்பணியைப் பெரும்பாலும் நம் மக்களே செய்தனர் என்பதும், பாய்ந்த வயல் பெரும்பாலும் பிறருடையது என்பதும் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணினி வலையிலும் மடைகள் உண்டு. இணைப்புப் பெட்டியாகிய ரௌட்டரின் ஒவ்வொரு துளையிலும், அதன் வழியே கடந்த தரவைக் கணக்கிடும் எண்ணி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். மென்பொருள் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை, "இப்பொழுது எண் என்ன?" என்று கேட்கும். முந்தைய எண்ணைக் கழித்து 300ஆல் வகுத்தால், வினாடிக்கு எவ்வளவு கடந்தது என்பது கிடைத்துவிடும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு! இவ்வாறு கேட்கும் முறைக்கு எஸ்என்எம்பி என்று பெயர், 1988இல் வகுக்கப்பட்டது. "நீ விழித்து எத்தனை நேரமாயிற்று?" என்றும் பெட்டியைக் கேட்கலாம். விடைகள் கோட்டுப் படங்களாக உலாவியில் தெரியும். வலைக்குள் இருக்கும் எந்தக் கணினியிலும் பார்க்கலாம்.

நான்கு நாள் பார்த்தோம். பத்தேமுக்கால் அளவில் கோடு அறுந்தது. அறுந்து மீண்டபோதெல்லாம் பெட்டியின் விழிப்பு நேரம் பூச்சியத்திலிருந்து தொடங்கியிருந்தது. இணையக் கம்பியைப் பிடுங்கினால் அவ்வாறு ஆகாது. பெட்டியே அணைந்து எழுந்திருக்கிறது. பத்தேமுக்காலுக்குப் பள்ளியில் என்ன நடக்கிறது? மேல்தொட்டிக்கு நீரேற்ற மோட்டார் போடும் நேரம் அது. கணினிகள் யுபிஎஸ்ஸில் இருந்தன. பெட்டியை மட்டும், மோட்டாருக்குச் செல்லும் மின்தடத்திலேயே சுவரில் செருகியிருந்தனர். மோட்டார் கிளம்பும்போது மின்னழுத்தம் சரிந்து பெட்டி அணைந்தது. செருகியை இடம் மாற்றினோம், அன்றோடு தீர்ந்தது. அடுத்த திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டத்தில், பிள்ளைகள் மீது தவறில்லை, தவறு தலைமையாசிரியருடையது என்று சொன்னோம்.

இவ்வகை மென்பொருள் செல்வச் செழிப்பில் பிறந்ததன்று. 1994இல் இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திற்கு வெளியுலகத் தொடர்பாக இருந்தது 64 கிலோபிட் கம்பி ஒன்றே. அதில் நெரிசல் எவ்வளவு என்று எல்லாரும் அறிவதற்காக டோபியாஸ் ஓட்டிகர் என்பவர் எழுதிய சிறு நிரலே எம்ஆர்டிஜி. 1995இல் அதை வெளியிட்டார். டேவ் ராண்ட் என்பவர் அதைக் கண்டு, மெதுவாக ஓடிய பகுதியை விரைவாக ஓடுமாறு எழுதித் தந்தார். நிரல் திறந்து கிடந்ததால் அது முடிந்தது.

லிப்ரெஎன்எம்எஸ்ஸின் கதை இன்னும் கருதத்தக்கது. அப்சர்வியம் என்னும் மென்பொருள் முதலில் குனு பொது உரிமத்தில் வழங்கப்பட்டது. பின்னர் அதன் உரிமையாளர் உரிமத்தை மாற்றினர். ஆனால் முன்பு கொடுத்த படியைத் திரும்பப் பெற அவ்வுரிமம் இடங்கொடுக்கவில்லை. அப்படியிலிருந்தே 2013இல் வேறு சிலர் லிப்ரெஎன்எம்எஸ்ஸைத் தொடங்கினர். 1892 முதல் நம் முன்னோர்க்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களுக்கும் பிறர்க்கு விற்கலாகாது என்னும் நிபந்தனை இருந்தது. எழுத்து ஏட்டில் நின்றது. நிலம் கைமாறிப் போயிற்று. மென்பொருளில் எழுத்து வென்றமைக்குக் காரணம், முழுப்படி பலர் கையில் இருந்ததுதான் என்பது நம் கருத்து.

இத்தொழில் நம் நாட்டில் இல்லாததன்று. இன்று தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் இயங்கும் சோஹோ, 1996இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் வலை மேலாண்மை மென்பொருள் செய்தே தொடங்கியது. அந்நிறுவனம் இத்துறையில் விற்கும் மென்பொருளின் நிரல் திறந்ததன்று. வணிகத்தில் அது குற்றமுமன்று. ஆயினும் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் கற்க வேண்டிய பிள்ளைக்குத் திறந்த நிரலே ஆசான். எச்சரிக்கை ஒன்றும் உண்டு. எஸ்என்எம்பியில் கடவுச்சொல்லாகப் பயன்படும் சொல், பல பெட்டிகளில் வாங்கும்போதே 'பப்ளிக்' என்று இருக்கும். அதை மாற்றாமல் விடுவது, கதவைத் திறந்து போட்டு உறங்குவதற்கு ஒப்பாகும்.

அப்பெண் மாதத்தில் ஒரு ஞாயிறு நம் சங்கப் படிப்பகத்திற்கு வந்து கற்றுத்தர இசைந்திருக்கிறாள். ஆங்கிலம் வராதே என்று பெற்றோர் பெண்பிள்ளைகளை நிறுத்திவிட வேண்டாம். அவளும் தமிழ்வழியில் படித்தவளே. படிப்பகத்தில் மூடிக் கிடக்கும் இரண்டு பழைய கணினிகளையும் அதற்கு ஒதுக்கித் தருமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.