நோயை மறைக்காமல் வாழ்வோம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், கொக்குவிலில், பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நேற்றுக் கொக்குவில் புகையிரத நிலையத்தில் இறங்கியதும் எங்கள் கணித ரீச்சரைக் கண்டேன். அவரது கண் நேரே என் கையிலிருந்த பொல்லுக்குப் போனது. "என்ன பிள்ளை, எங்கையும் விழுந்துபோனீரோ?" என்று கேட்டார். "ஓம் ரீச்சர்" என்று சொல்லித் தப்பியிருக்கலாம். பல வருடங்களாக அப்படித்தான் தப்பி வந்தேன். நேற்று, "எனக்கு எம்.எஸ். எண்டு ஒரு நரம்பு வருத்தம் இருக்கு ரீச்சர்" என்றேன். அந்த ஒரு வசனத்தைச் சொல்லப் பழகிய கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

2009ஆம் ஆண்டு. லண்டனில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை. ஒரு காலை இடது கண் மங்கலாகத் தெரிந்தது. கண்ணை அசைத்தால் நோவு. கணினியைப் பார்த்துப் பார்த்து வந்த களைப்பு என்று நினைத்தேன். ஒரு கிழமையில் சிவப்பு நிறமே வெளிறித் தெரிந்தது. கண் வைத்தியர் நரம்பியல் வைத்தியரிடம் அனுப்பினார். எம்.ஆர்.ஐ. படம் எடுத்தபின் அவர் சொன்ன பெயர் மல்ரிப்பிள் ஸ்கிளெரோசிஸ். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்பார்கள்.

மின்கம்பியைச் சுற்றி உறை இருப்பதுபோல எமது நரம்புகளைச் சுற்றியும் ஓர் உறை உண்டு. உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் முண்ணாணிலும் அந்த உறையைத் தாக்குகிறது. உறை பழுதான இடத்தில் செய்தி தடைப்படுகிறது. அதனால் ஒருவருக்குக் கண் மங்கும், ஒருவருக்குக் கால் விறைக்கும், இன்னொருவருக்குத் தாங்கமுடியாத களைப்பு வரும். 1868இல் பாரிஸ் நகரில் ஷார்கோ என்ற வைத்தியர் இதனைத் தனி நோயாக விளக்கினார். உலகில் இருபத்தெட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதலாக வருகிறது, அதுவும் பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதுக்குள். ஆகவே, ஒரு மகளிர் சபையில் இதைப் பேசுவது பொருத்தமென்றே நினைக்கிறேன்.

இது தொற்றாது. தாயிடமிருந்து பிள்ளைக்கு நேரடியாக இறங்குவதுமில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் ஆபத்துச் சற்றுக் கூடும், அவ்வளவே.

செலோ வாத்தியத்தில் உலகப் புகழ்பெற்ற ஜக்குலின் டு பிரே என்ற ஆங்கிலேயப் பெண்ணுக்கு 1973இல், அவரது 28ஆவது வயதில், இந்நோய் கண்டறியப்பட்டது. 1987இல் அவர் மறைந்தபோது நோயின் போக்கை மாற்றும் மருந்து எதுவும் பாவனைக்கு வந்திருக்கவில்லை. முதல் மருந்தான இன்ரபெரோன் பீற்றா ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1993இல். எனக்குக் கிடைத்ததும் அந்த வகை ஊசிதான். அவருக்குக் கிடைக்காத மருந்து எனது குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது. அதை நான் என்ன செய்தேன் என்பதுதான் சொல்லக் கூச்சமான பகுதி.

ஒன்றுவிட்டு ஒரு நாள் நானே தோலுக்குக் கீழே ஏற்றவேண்டும். ஏற்றிய சில மணித்தியாலங்களில் காய்ச்சல், நடுக்கம், உடம்பு முறிச்சல். மறுநாள் அப்படியே வேலைக்குப் போவேன். ஊசிகளைக் கண்ட மாமியார், "சலரோகமோ பிள்ளை?" என்று கேட்டார். "ஓம் மாமி" என்றேன். அன்றிலிருந்து அவர் எனது தேநீருக்குச் சீனி போடவில்லை. அந்தச் சீனியில்லாத் தேநீரை இரண்டு வருடம் குடித்தேன்.

2011 மாரியில் ஊசியை நிறுத்திவிட்டேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. எம்.எஸ். தாதி தொலைபேசியில் கேட்டபோதும், "ஒழுங்காகப் போடுகிறேன்" என்றேன். உடம்பு இலேசாக இருந்தது. ஐந்தாம் மாதம் வலது கால் விறைத்து, நிலக்கீழ்ப் புகையிரத நிலையப் படியில் விழுந்தேன்.

வைத்தியர் எனது கோப்பைப் பார்த்துவிட்டு, "ஊசி போட்டும் நோய் அடங்கவில்லை. இதைவிடக் கடுமையான மருந்துக்கு மாறவேண்டும்" என்றார். அதில் அரிதாக மூளையில் தொற்று ஏற்படும் ஆபத்து உண்டென்றும் விளக்கினார். எனது பொய்யை நம்பி, எனது மூளையைப் பற்றி அவர் ஒரு முடிவு எடுத்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. பேனையை மூடி வைத்துவிட்டு, "நல்லது, இனிச் சரியாக யோசிக்கலாம்" என்றார்.

அன்று எனக்குத் தெரியவந்தவை மிக எளிய விடயங்கள். படுக்கைக்குப் போகுமுன் ஊசியை ஏற்றினால் காய்ச்சலின் பெரும்பகுதி நித்திரையில் போய்விடும். வைத்தியர் சொன்ன அளவில் முன்கூட்டியே பரசிற்றமோல் எடுக்கலாம். குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம். ஒரே இடத்தில் குத்தாமல் இடம் மாற்றவேண்டும். முதலே வாய் திறந்து கேட்டிருந்தால் அந்த ஐந்து மாதமும் அந்த விழுகையும் தேவைப்பட்டிராது. கால் முழுதாகத் திரும்பவில்லை. இந்தப் பொல்லு அதன் மிச்சம்.

2014இல் டைமெதில் பியூமறேற் என்ற குளிசைக்கு மாறினேன். நாளுக்கு இரண்டு தரம். தொடக்கத்தில் முகமும் கழுத்தும் நெருப்பாய்ச் சிவக்கும், வயிறு பிசையும். வெறும் பாண் துண்டோடு எடுத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. புட்டும் முட்டைப் பொரியலும் வயிறாரச் சாப்பிட்டபின் எடுத்தேன். இரண்டு மாதத்தில் அடங்கியது. கணக்காளர் என்பதால் ஒரு கொப்பியில் நேரம், சாப்பாடு, விளைவு என்று மூன்று நிரல் போட்டு எழுதினேன். வைத்தியருக்கு அந்தக் கொப்பி எனது பேச்சைவிட உதவியது. வெண்குருதிக் கலங்கள் மிகக் குறைந்துவிடாதபடி மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் பரிசோதிக்கிறார்கள். உடம்புக்குத் தெரியாத பக்கவிளைவை அந்தப் பரிசோதனைதான் காட்டும். அதைத் தவறவிடக்கூடாது. இது எனது மருந்தின் கதை. உங்கள் மருந்தை உங்கள் வைத்தியரிடமே கேளுங்கள்.

எங்கள் ஊர் வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடம்பு சூடேறினால் பழைய குறிகள் தலைகாட்டும். 1890இல் ஊட்ஹொவ் என்ற ஜேர்மனியக் கண் வைத்தியர் இதனை எழுதிவைத்தார். முந்தாநாள் நல்லூர் வீதியில் எனக்குக் கண் மங்கியது. பயப்படவில்லை. நிழலில் இருந்து, வீட்டுக்கு வந்து கிணற்றடியில் நாலு வாளி தண்ணீர் வார்த்தேன், தெளிந்தது. குளிர்ந்ததும் போவது சூட்டின் வேலை. ஒரு நாளைக்கு மேல் நின்றால் வைத்தியரிடம் போகவேண்டும்.

அண்மையில் ரொறன்ரோவிலிருந்து ஒரு தங்கை பேசினாள். அவளுக்கும் இதே நோய். "கலியாணம் முடியுமட்டும் வாய் திறவாதை" என்று தாயார் சொன்னாராம். அந்தத் தாயின் பயம் எனக்கு விளங்குகிறது. எங்கள் சமூகத்தில் ஒரு சொல் எவ்வளவு தூரம் ஓடும் என்று அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் சொல்லு என்று நான் அவளிடம் சொல்லவில்லை. கட்டப்போகிறவருக்கும் வைத்தியருக்கும் மட்டும் ஒளிக்காதே என்றேன். இந்நோயோடு பிள்ளை பெறலாம். ஆனால், மருந்தை எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்பதை முன்கூட்டியே வைத்தியரோடு திட்டமிடவேண்டும். இரகசியமாக அதைச் செய்யமுடியாது.

எனது மாமியாருக்கு உண்மையைச் சொன்ன அன்று அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு குசினிக்குள் போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு கரண்டி சீனி.

உங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி ஒன்றுகூடலுக்கு வராமல் விட்டால், பெருமை பிடித்தவள் என்று நினைக்கவேண்டாம். வந்து, "களைப்பாக இருக்கு" என்றால், "பார்க்க நல்லாத்தானே இருக்கிறீர்" என்று சொல்லவேண்டாம். ஒரு கதிரையை இழுத்துப் போடுங்கள். நேற்று எங்கள் ரீச்சர் எனக்குச் செய்தது அதைத்தான்.