சுகயீன விடுமுறையும் பதில் ஆளும்

(மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவச்சி ஒருவர் ஆற்றிய உரை)



நான் ஸ்டாப் சங்கத்தில் இருந்தவள். தொழிலாளர் சங்க மேடையில் ஏறுவது இதுதான் முதல் தடவை. 31 வருஷம் ஒரே லயத்துப் பாதையில் நடந்தும், ஒரே சங்கத்தில் நாங்கள் உட்கார்ந்ததில்லை. அது வேறு கதை. அதை இன்னொரு நாள் பேசலாம்.

சுகயீன விடுமுறை என்றால் இந்த நாட்டில் பத்திரிகை வாசிக்கிறவர்களுக்குப் போராட்டம்தான் ஞாபகத்துக்கு வரும். 2021இல் தாதிமார் சங்கங்கள் அப்படித்தான் சுகயீன விடுமுறை அறிவித்துவிட்டு வெளியே நின்றார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். இன்றைக்கு நான் பேச வந்தது உண்மையாகவே மேலுக்கு முடியாமல் போனவர்களைப் பற்றி. முடியாமல் போயும் லீவு எடுக்காமல் வேலைக்கு வந்தவர்களைப் பற்றி. அதில் நானும் ஒருத்தி.

2020 நவம்பர். மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் ஒக்டோபரில் தொடங்கிய இரண்டாவது அலை கொழும்பைப் பிடித்திருந்த நேரம். தீபாவளிக்குக் கொழும்புக் கடைகளில் இருந்து எங்கள் பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அடுத்த வாரம் கிளினிக். நிறுவைக்கும் தடுப்பூசிக்கும் 40 பிள்ளைகள் பதிவில். முதல் நாள் இரவே எனக்குத் தொண்டை வலி, உடம்பு முறிச்சல். காலையில் எழும்பி ஒபிசுக்குச் சொன்னேன். “இன்றைக்கு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா, நாளைக்குப் பார்ப்போம்” என்றார்கள். யாரும் அதட்டவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

நானும் கணக்குப் போட்டேன். எனக்குப் பதில் ஆள் இல்லை. நாலு டிவிசனுக்கும் நான் ஒருத்திதான். நான் போகாவிட்டால் டவுனில் இருந்து வருகிற ஊசிப் பெட்டி திரும்பிப் போகும். அரைப் பேர் போனாலும் பரவாயில்லை என்று வருகிற தாய்மார் சும்மா திரும்ப வேண்டும். இரண்டு பெனடோல் போட்டுக்கொண்டு, மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு போனேன். 40 பிள்ளைகளையும் தூக்கித் தராசில் வைத்தேன். எனக்குப் பக்கத்தில் புத்தகம் எழுதியது பிள்ளைக் காம்பரா ஆயம்மா.

மூன்றாம் நாள் பிசிஆர் எடுத்தார்கள். எனக்குப் பொசிட்டிவ். பிறகு ஆயம்மாவுக்கும் பொசிட்டிவ். 11 வீடு 14 நாளைக்கு அடைத்தார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஏழு பேர் இருக்கிற வீட்டில், எந்தச் சுவருக்குப் பக்கத்தில் தனிமைப்படுத்துவது? பிஎச்ஐ ஐயாவுக்கும் அதற்குப் பதில் தெரியாது.

என்னிடமிருந்துதான் தொற்றியது என்று யாரும் நிரூபிக்கவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. நல்ல காலம், பிள்ளைகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். என்னுடையது மாதச் சம்பளம். எனக்கு ஒரு சதம் வெட்டவில்லை. ஆயம்மாவுக்கு அந்த 14 நாளில் 12 பேர் போனது. அன்றைக்கு அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. 8,400 ரூபா. அடைத்த வீடுகளுக்கு அரசாங்கம் உலருணவுப் பொதி கொடுத்தது, அது வாஸ்தவம். ஆனால் பொதியைக் கொண்டுபோய் அடகுக் கடையில் வட்டி கட்ட முடியாது. ஒரே மேசையில் இருந்து ஒரே வேலை செய்த இரண்டு பேர், ஒரே நோய். இதை அவளிடம் நான் நேரில் பேச இரண்டு வருஷம் எடுத்தது.

இது நம் தோட்டத்து ஏழ்மைக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் கிர்க்லண்ட் என்று ஒரு ஊர். அங்கே ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். 2020 பெப்ரவரி கடைசியில் அங்கே தொற்று கண்டுபிடித்தார்கள். மார்ச் நடுவில் பார்த்தால் அங்கே தங்கியிருந்தவர்களில் 101 பேருக்கும், ஊழியர்களில் 50 பேருக்கும் தொற்றியிருந்தது. விசாரித்த சுகாதார அதிகாரிகள் எழுதிய காரணங்களில் இரண்டு: நோய்க்குறி இருக்கும்போதே ஊழியர்கள் வேலைக்கு வந்தார்கள், ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை செய்தார்கள். ஒரு இடத்துச் சம்பளம் போதாதவர்கள்தான் இரண்டு இடத்தில் வேலை செய்வார்கள். நம் ஆயம்மாமார் பின்னேரம் மரக்கறித் தோட்டத்துக்குக் கைக்காசுக்குப் போகிற மாதிரிதான்.

அதே மார்ச்சில் அந்த நாட்டில் சம்பளத்துடன் இரண்டு வாரச் சுகயீன விடுமுறைக்கு அவசரச் சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் உள்ளே ஒரு வாசகம்: சுகாதார ஊழியர்களை முதலாளி விரும்பினால் இதிலிருந்து விலக்கலாம். நோயாளிக்கு மிகக் கிட்ட நிற்கிறவளுக்கே விலக்கு! சுகாதார ஊழியர் யார் என்று தொழில் திணைக்களம் எழுதிய விளக்கமோ, ஆஸ்பத்திரியில் என்ன வேலை செய்தாலும் உள்ளே இழுத்துப் போடுகிற மாதிரி அகலமாக இருந்தது. ஆகஸ்டில் நியூயோர்க் நீதிமன்றம் அந்த விளக்கத்தை வெட்டிய பிறகுதான் அதைச் சுருக்கினார்கள். இதை ஏன் சொல்கிறேன்? நம் தோட்டத்தில் உரிமை என்று வரும்போது பிள்ளைக் காம்பரா ஆயம்மாவும் டிஸ்பென்சரி கூட்டுகிறவளும் சுகாதார ஊழியர் இல்லை. அவர்கள் பேர்ப்பதிவு. கொரோனா வேலைக்கு ஆள் வேண்டும் என்று வரும்போது எல்லோரும் சுகாதார ஊழியர். பெயரை அவரவர் வசதிக்கு நீட்டிச் சுருக்குகிறார்கள்.

இங்கிலாந்தில் வேறு விதம். அங்கே சட்டப்படியான சுகயீனக் கொடுப்பனவு உண்டு, ஆனால் 2020 ஏப்ரலில் அது கிழமைக்கு 95 பவுண் 85 பென்ஸ். வீட்டு வாடகைக்கே காணாது. அந்த வருஷம் 5,000க்கு மேற்பட்ட முதியோர் இல்லங்களில் அரசாங்கம் ஓர் ஆய்வு செய்தது. ஊழியர்களுக்குச் சுகயீன விடுமுறைச் சம்பளம் கொடுத்த இல்லங்களில், கொடுக்காத இல்லங்களைவிட, அங்கே தங்கியிருந்த முதியவர்களுக்குத் தொற்றும் வாய்ப்புக் குறைவாக இருந்தது. கவனியுங்கள், சம்பளம் கிடைத்தது ஊழியருக்கு, நோய் குறைந்தது முதியவர்களுக்கு. துரைமாரிடம் பேசப் போகும்போது இந்த ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள்.

2020 ஜனவரிக்கும் 2021 மேக்கும் இடையில் உலகம் முழுக்க 115,500 சுகாதார ஊழியர்கள் கொரோனாவில் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அது மதிப்பீடுதான். அந்தக் கணக்கில் எங்கள் மாதிரி மருத்துவச்சிகள் எத்தனை பேர் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

இப்போது நம் பக்கத்துக் குறை ஒன்று. கேட்கக் கஷ்டமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2016 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை 500, வரவுக் கொடுப்பனவு 60, அதோடு மற்றவை சேர்த்து 730 என்று வாங்கினோம். அந்த 60 ரூபா நூற்றுக்கு 75 வீதம் வேலைக்கு வந்தால்தான். மாதத்தில் 24 நாள் வேலை என்றால் 18 நாள் வரவேண்டும். காய்ச்சலில் 7 நாள் படுத்தவளுக்கு அந்த 7 பேரும் இல்லை, வேலை செய்த 17 நாளின் 60 ரூபாவும் இல்லை. 1,020 ரூபா தண்டம், காய்ச்சலுக்கு. அதில் கம்பனி மட்டும் கையெழுத்துப் போடவில்லை. தொழிற்சங்கங்களும்தான் போட்டன. 2019இல் அது போனது. அது இருந்தபடியே கொரோனா வந்திருந்தால், 14 நாள் அடைபட்டவளின் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். இனி எந்தப் பேச்சுவார்த்தையிலாவது வருகைக்குக் காசு என்று யாராவது கொண்டுவந்தால், சுகயீன நாள் வந்த நாளாக எண்ணப்படுமா என்று முதலில் கேளுங்கள்.

லீவு கொடுத்தால் பொய் சொல்லி எடுப்பார்கள் என்று சொல்வார்கள். எடுப்பார்கள்தான். பொய்க் காய்ச்சலை நானும் பார்த்திருக்கிறேன், நெற்றியில் சுடுதண்ணீர்ப் போத்தலை வைத்துக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். 31 வருஷத்தில் அப்படி வந்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். மெய்க் காய்ச்சலை மறைத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனவர்களை எண்ண முடியாது.

என் அனுபவத்தில் சம்பளத்தைவிடப் பெரிய தடை பதில் ஆள். எனக்குக் கடிதத்தில் லீவு இருந்தது, அப்படியும் எடுக்க முடியவில்லை. அதனால் நான் கேட்கச் சொல்வது இதுதான். பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்கள் சேர்ந்து ஒரு பதில் மருத்துவச்சி, ஒரு பதில் ஆயம்மா. காய்ச்சல் என்று காலை ஆறு மணிக்குச் சொன்னால், எட்டு மணிக்கு யார் வருவார் என்று ஒபிஸ் சுவரில் பெயர் எழுதியிருக்க வேண்டும். அடைத்து வைக்கிற ஒவ்வொரு நாளுக்கும் பேர் போட வேண்டும், மாதச் சம்பளமோ நாட்சம்பளமோ. கிளினிக்கில் உதவுகிற எல்லோரையும் சுகாதார ஊழியர் என்று எழுத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும், அடுத்த நோய் வருவதற்கு முன்பே.

பதில் வேலைக்கு வர விருப்பமான ஓய்வுபெற்ற மருத்துவச்சிகளிடம் நான் பேசிக்கொண்டிருக்கிறேன். என்னோடு மூன்று பேர் சம்மதித்திருக்கிறோம். முழங்கால் வலி எல்லோருக்கும் உண்டு, மேட்டு லயத்துக்கு மட்டும் லொறி அனுப்பச் சொல்லுங்கள். மகஜர் கதவுப் பக்கத்து மேசையில் இருக்கிறது. அதில் முதல் கையெழுத்து அந்த ஆயம்மாவுடையது. அவள் இன்றைக்கும் இங்கே வந்திருக்கிறாள், மூன்றாவது வரிசையில் இருக்கிறாள்.