இலவச அரிசியும் இலவச மின்சாரமும்
(நோணாங்குப்பம் உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூட்டத்திற்கு வரும் வழியில் ஒரு பெரியவர் என்னிடம் குறைபட்டுக் கொண்டார். "அப்பனுக்கும் இலவச அரிசி, மகனுக்கும் இலவச அரிசி. களையெடுக்க ஆள் எங்கே ஐயா வரும்?" என்றார். ஊருக்கு ஊர் கேட்கும் குறைதான் இது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பங்களில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். வெயிலில் உழைப்பவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி என்று வைத்துக்கொண்டால் மாதம் 12 கிலோ வேண்டும். 5 கிலோ 12 நாளைக்குத்தான் வரும். மீதி நாளுக்கும், எண்ணெய் பருப்புக்கும், பிள்ளைகள் படிப்புக்கும் கூலிக்குப் போயே தீர வேண்டும். அவர் நகரத்துக் கட்டட வேலைக்குப் போகிறார் என்றால், அங்கே கூலி கூடுதல். வேறென்ன?

அரிசிக்குப் பதில் பணம் தரும் சோதனையும் நம் புதுச்சேரியில் நடந்தது. 2015 செப்டம்பரில் இங்கும் சண்டிகரிலும் வங்கிக் கணக்கில் பணம் போடத் தொடங்கினார்கள். பணமா அரிசியா என்ற சர்ச்சை உயர் நீதிமன்றம் வரை போனது. 2024இல் ரேஷன் கடைகள் மீண்டும் திறந்தன. என்னைக் கேட்டால், கடைவிலை ஏறும்போது பணம் கூடவே ஏறாது, அரிசியே மேல்.

தலைமுறை தலைமுறையாகக் கட்டிப்போடுவது அரிசியன்று, சிவப்பு அட்டை போய்விடுமோ என்ற பயம். மகனுக்குச் சம்பளச் சீட்டு தரும் வேலை கிடைத்தால் அட்டை மஞ்சளாகி விடும். வேலை நின்றால் பழைய அட்டையை வாங்க அலைய வேண்டும். ஆகவே சீட்டில்லாத வேலையே போதும் என்று இருந்து விடுகிறார்கள். வருமானம் கூடினாலும் இரண்டு மூன்று ஆண்டு அட்டையை விட்டுவைத்து, உதவியைப் படிப்படியாகக் குறைத்தால் இந்தப் பயம் தீரும்.

இனி நம் கதைக்கு வருவோம். தாத்தா கவலை இறைத்தார். அப்பா மின்கட்டணம் கட்டிப் பாய்ச்சினார். தமிழ்நாட்டில் 1990-91 முதல் எல்லா உழவருக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம். இன்று பேரன் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறான். பெரியவர் இதைச் சொல்லவில்லை! அரிசி வாங்குபவரால் யாருக்கும் நட்டமில்லை. அளவின்றி இறைத்தால் பக்கத்துக் கிணறும் வற்றும். சுண்ணாம்பாறு கடலில் கலக்கும் இதுபோன்ற கரையோரத்தில் உப்புநீர் உள்ளே ஏறும். ஏறிய உப்பு எளிதில் இறங்காது.

மின்சாரத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பஞ்சாபில் 2018இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். விரும்பிச் சேரும் உழவரின் பம்புசெட்டுக்கு மீட்டர் வைத்து, மாதத்திற்கு இவ்வளவு என்று ஒதுக்கி, அதில் மிச்சப்படுத்தும் யூனிட்டுக்கு 4 ரூபாய் கொடுத்தார்கள். 5 குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறக்குறைய 4 யூனிட் இழுக்கும். தினம் 2 மணி நேரம் குறைத்தால் மாதம் 240 யூனிட், 960 ரூபாய். இங்கும் கேட்டுப் பெற வேண்டிய திட்டம் இது.

நெல் வயலில் துளையிட்ட குழாயைப் பதித்து, நீர் மண்மட்டத்திற்கு 15 செ.மீ. கீழே இறங்கிய பிறகு பாய்ச்சுங்கள். பூக்கும் பருவத்தில் மட்டும் வயலில் நீர் நிற்கட்டும். மோட்டார் ஓடிய நேரத்தை ஒரு நோட்டில் குறித்து, அடுத்த கூட்டத்திற்குக் கொண்டு வாருங்கள். கணக்கை அங்கே சேர்ந்து போடுவோம்.