அடுப்படிச் சுத்தமும் குடும்ப க்ஷேமமும்

(பொன்னமராவதியில் கூடிய நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சங்கக் காரியதரிசியவர்கள் நம்மைப் பேச அழைத்தபொழுது, கல்வி, தொழில், கோயில் திருப்பணி முதலிய பெரிய விஷயங்களுள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமென்றே முதலிற் கருதினோம். பாத்திரம் விளக்குவதைப் பற்றி ஒரு பிரசங்கமா என்று இங்கே சிலர் புன்னகை புரிவதும் நம் கண்ணுக்குத் தெரிகின்றது. ஆயினும் சென்ற வருஷம் நம் வீட்டில் நிகழ்ந்ததொன்றைச் சொன்னால், இவ்விஷயம் சிறிதன்று என்பதைத் தாங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

நம்முடைய பூர்விக வீடு நான்கு வருஷங்கள் பூட்டிக்கிடந்து, ஒரு கலியாணத்தின்பொருட்டுத் திறக்கப்பட்டது. பூட்டிய வீட்டைத் திறப்பதென்றால் எப்படியிருக்கும் என்பது இச்சபையோருக்கு விரித்துரைக்க வேண்டுவதன்று. வளவு முழுதும் தூசி. இரண்டாங்கட்டில் வௌவால் எச்சம். மூன்றாங்கட்டில் பாத்திரம் விளக்கும் இடம் பாசியேறிக் கறுத்துக் கிடந்தது. பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு ஸ்திரீகளைக் கூலிக்கு அமர்த்தினோம். கடைக்குச் சென்றவர்களிடம், "எது நன்றாய் அழுக்கை எடுக்குமோ அதை வாங்கி வாருங்கள்" என்று சொல்லியனுப்பியவர் நாமே. ஆசிட் புட்டிகளும் பிளீச்சிங் பவுடரும் வந்து சேர்ந்தன. முதலில் பவுடரைத் தூவினார்கள். பாசி போகாததைக் கண்டு, அதன்மேலேயே ஆசிட்டை ஊற்றினார்கள். மஞ்சளும் பச்சையும் கலந்த புகை எழுந்தது. ஜன்னல்களோ நான்கு வருஷமாகத் திறவாதவை. அவ்விருவரில் மூத்தவர் மூச்சுவிட மாட்டாமல் இருமிக்கொண்டே வாசற்படியில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றோம். தெய்வாதீனமாக மூன்றாம் நாள் வீடு திரும்பினார். பிழை அவருடையதன்று, இன்னதென்று அறியாத வஸ்துவை வாங்கி அவர் கையிற் கொடுத்த நம்முடையதேயாகும்.

அந்தப் புகை யாதெனில், குளோரின் என்னும் விஷவாயு. பிளீச்சிங் பவுடரோடும், புட்டிகளில் விற்கும் பிளீச் திரவத்தோடும் எந்த அமிலம் சேர்ந்தாலும் இவ்வாயு வெளிப்படும். 1915-ஆம் வருஷம் ஏப்ரல் 22-ஆந் தேதி, பெல்ஜியம் தேசத்து ஈப்ரு என்னுமூரின் போர்க்களத்தில் ஜெர்மானியர் எதிரிகள்மீது ஏவியதும் இதே வாயுதான். அளவு வேறேயன்றிப் பொருள் வேறன்று. எலுமிச்சஞ்சாறும் வினிகரும் அமிலங்களே ஆதலால், "இயற்கைப் பொருள்தானே" என்று அவற்றைப் பிளீச்சோடு சேர்ப்பதும் ஆகாது. அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் நீரையும் பிளீச்சையும் சேர்த்தால் வேறொரு விஷப்புகை உண்டாகும். கடுமையான ஆசிட்டை, வாங்குபவர் பெயரும் முகவரியும் பதிவு செய்யாமலும், பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கும் விற்கலாகாது என்று 2013-இல் சுப்ரீம் கோர்ட்டார் உத்தரவிட்டிருக்கின்றனர். வேறு கொடுமைகளைத் தடுக்கவே அவ்வுத்தரவு பிறந்ததாயினும், அடுப்படியில் வைக்கத்தக்க பொருளன்று அது என்பதற்கும் அதுவே போதிய சாட்சியாகும்.

இம்மாவட்டத்தில் 1991-இல் எழுந்த அறிவொளி இயக்கத்தைத் தாங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஆயிரக்கணக்கான கிராமத்து ஸ்திரீகள் எழுத்துக் கற்றதும் சைக்கிள் ஓட்டக் கற்றதும் நமது புதுக்கோட்டைச் சீமைக்கு நீங்காத கீர்த்தியைத் தந்தன. அவ்வாறு தமிழ் கற்றவர்களிடம், எச்சரிக்கை முழுதும் சிறு சிறு ஆங்கில எழுத்தில் அச்சிட்ட புட்டியை நீட்டுவது என்ன நியாயம்? அதனினும் பெருங்கேடு ஒன்றுண்டு. பினாயிலையும் மண்ணெண்ணெயையும் கலர்ப் புட்டிகளில் ஊற்றிவைக்கும் வழக்கத்தையே சொல்லுகின்றோம். குழந்தை அதைக் கலர் என்றுதானே எண்ணும்? அறியாமற் குடித்துவிட்டால், உப்புநீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தியெடுக்கச் செய்யலாகாது. மண்ணெண்ணெய் நுரையீரலுட் புகும், ஆசிட் தொண்டையை இரண்டாமுறை சுடும். வாயைக் கழுவி, 108-ஐ அழைத்து, அந்தப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைவதே செய்யத்தக்கது.

ஆனால் அடுப்படியை எதைக் கொண்டு சுத்தஞ் செய்வது? ஆச்சிமார்கள் இதனை நம்மைவிட நன்கறிவார்கள். அறிந்ததற்குக் காரணங் கூறுவது மாத்திரமே நம் வேலை.

முதலாவது பூந்திக்கொட்டை. பூவந்திக்கொட்டை என்றும் சொல்லுவர். தட்டார்கள் நகை கழுவவும், நம் வீடுகளில் பட்டுப்புடவை அலசவும் கையாண்டது. இதன் தோலில் சபோனின் என்னும் நுரைப்பொருள் இருக்கின்றது. உள்ளிருக்கும் கறுப்பு விதையில் இல்லை. ஆதலால் விதையை நீக்கிய தோல் 50 கிராம் எடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் கால்மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியபின் பிசைந்து வடிகட்டினால் பழுப்பு நிறமான நீர் கிடைக்கும். எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்திற்கும், அடுப்பு மேடைக்கும், தரைக்கும் இது உதவும். கடைச் சோப்பைப்போல் அவ்வளவு நுரை வராது. நுரையில்லாவிட்டால் அழுக்குப் போகவில்லையென்று எண்ணுவது நம் மனப்பழக்கமேயன்றி வேறில்லை. மூன்று நான்கு நாளில் புளித்துவிடுமாகையால் வேண்டிய அளவே காய்ச்சுக. கண்ணிற் பட்டால் கடுமையாய் எரியும். மீன்களைக் கொல்லுந் தன்மையும் இதற்கு உண்டாகையால், மிஞ்சிய நீரை ஊரணியில் ஊற்றலாகாது.

பூந்திக்கொட்டைக்கு மற்றொரு விசேஷ குணமுண்டு. நம் பக்கத்தில் போர் போட்டு எடுக்கும் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அதிலுள்ள சுண்ணச்சத்தோடு சவக்காரம் கூடித் திரிந்து, வெள்ளை வெள்ளையாய்ப் பாத்திரத்தில் படியும். பூந்திக்கொட்டை நீர் அவ்வாறு திரிவதில்லை. ஊரணித் தண்ணீரில் பருப்பு விரைவில் வெந்ததும், துணி வெளுப்பாயிருந்ததும், அது மழைநீராய் மென்மையாயிருந்த காரணத்தினாலேயே. ஊரணிகளைத் தூர் வாராமல் விட்டுவிட்டு, புட்டி புட்டியாய்ச் சோப்பு நீர் வாங்குகின்றோம். அது வேறொரு நாள் பேச வேண்டிய விஷயம்.

பித்தளைக்கும் செம்புக்கும் புளியும் உப்புமே சிறந்தவை. புளியிலுள்ள அமிலம் உலோகத்தின்மேற் படிந்த கறுப்பைக் கரைத்தெடுத்துவிடும். ஆனால் தேய்த்த உடனே கழுவித் துடைத்துவிட வேண்டும். கலாய் இல்லாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பையாவது மோரையாவது வைத்திருந்தால், அதே அமிலம் செம்பைக் கரைத்துக் களிம்பாக்கி, உண்பவர்க்கு வாந்தியை உண்டாக்கும். கலாயோ வெள்ளீயம், செங்கற்பொடியால் அழுத்தித் தேய்த்தால் தேய்ந்துபோம். தேங்காய் நாரும் பூந்திக்கொட்டை நீரும் அதற்குப் போதுமானவை. கலாய் பூசுவோர் தெருவில் வருவது அரிதாகிவிட்டமையால், அண்டாக்களும் தவலைகளும் காரைக்குடிப் பழஞ்சாமான் கடைகளுக்கு எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றை அங்கே பார்க்கும்பொழுது, யார் வீட்டுச் சீதனமோ என்று நம் மனம் வருந்துகின்றது.

விறகடுப்புள்ள வீடுகளில் சாம்பல் இன்றும் கிடைக்கும். அதிலுள்ள காரம் எண்ணெயைப் பற்றி ஒருவாறு சவக்காரமாகவே ஆக்கிவிடுகின்றது. வர்ணம் பூசிய பலகைகளையும் பிளாஸ்டிக்கையும் எரித்த சாம்பலைத் தொடவேண்டாம். அலுமினியப் பாத்திரத்திற்குச் சாம்பலும் ஆகாது, சலவைச் சோடாவும் ஆகாது. காரம் அந்த உலோகத்தையே அரித்துவிடும்.

இனி, தற்காலத்தில் பலர் வாயிலும் அடிபடும் இரண்டு விஷயங்களைச் சொல்லவேண்டும். சோடா உப்பையும் வினிகரையும் கலந்து புட்டியில் வைத்துக்கொண்டால் எல்லா அழுக்கும் போகுமென்கிறார்கள். காரமும் அமிலமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டபின் எஞ்சுவது ஏறக்குறைய உப்புநீரே. பொங்கும்பொழுது கண்ணுக்கு வேடிக்கையாயிருக்கும். மூடிய புட்டியாயின் வெடிக்கவுங் கூடும். சோடா உப்பை ஈரத்துணியில் தொட்டு அடுப்பைத் தேய்ப்பதும், வினிகரைத் தனியே வைத்துக் குழாயில் படிந்த உப்பைக் கரைப்பதுமே தக்கன. மற்றொன்று, வெல்லம் ஒரு பங்கு, பழத்தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு சேர்த்து மூன்று மாதம் புளிக்கவைக்கும் நீர். துடைக்க உதவும், குற்றமில்லை. முதல் மாதத்தில் தினந்தோறும் மூடியைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும்; கண்ணாடிப் புட்டியில் வைக்கவே கூடாது.

நம் வீட்டுத் தரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆத்தங்குடிக் கல், சலவைக்கல், முட்டை வெண்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர் ஆகிய யாவும் அமிலத்திற்குப் பகை. ஆசிட் மாத்திரமன்று, எலுமிச்சையும் வினிகரும் புளித்தண்ணீருங்கூட மெருகைக் கெடுத்துவிடும். முற்கூறிய சம்பவத்தில் நாம் இழந்த மெருகு இன்னும் திரும்பவில்லை. வெறுந் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு, சிறிது தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைப்பதே ஆத்தங்குடிக் கல்லுக்கு ஏற்றது.

பாட்டிமார் காலத்தில் யாவும் நன்றாயிருந்தன என்று நாம் சொல்ல வரவில்லை. பேதியால் குடும்பங்கள் அழிந்த காலமும் அதுவே. பூந்திக்கொட்டையும் புளியும் அழுக்கைப் போக்குமேயன்றி, நோய்க்கிருமிகளைக் கொல்லும் என்று நம்பிவிடக் கூடாது. வீட்டில் வாந்திபேதி கண்டால், நோயாளியின் பாத்திரங்களைப் பத்து நிமிஷம் நீரிற் கொதிக்கவிடுங்கள். தரைக்குப் பிளீச்சிங் பவுடரையே, குறித்த அளவில் தண்ணீரிற் கரைத்து, கதவைத் திறந்துவைத்து, வேறெதனோடும் கலவாமல் உபயோகியுங்கள். மாமிசம் நறுக்கும் பலகைக்குக் கொதிநீர் அவசியம்.

கடைசியாகச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். நம் வீட்டு விசேஷங்களில் பாத்திரம் விளக்குகிறவர்கள் நம் சமூகத்தார் அல்லர். ஆயிரம் இலை விழும் கலியாணத்தில் அவர்கள் இரவெல்லாம் சோப்புத்தூள் நீரில் கை நனைத்திருக்கிறார்கள். மறுநாள் அக்கைகளைப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? வெற்றிலைபாக்கில் வைக்கும் பணத்தைக் கணக்கெழுதுகின்ற நாம், ரப்பர் கையுறை இரண்டு ஜோடிக்குக் கணக்கெழுதியதில்லை. அன்று விழுந்த அந்த அம்மாள், பிறகு நம் வீட்டிற்கு வேலைக்கு வரவில்லை. கூலியைக் கொண்டுபோய்க் கொடுத்தபொழுது, "ஐயா, அந்தப் புட்டியைப் பார்த்தாலே நெஞ்சடைக்குது" என்றார்.

பூந்திக்கொட்டை நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். நல்லதாய் மொத்தமாக வரவழைக்கக் காரியதரிசியவர்கள் இசைந்திருக்கின்றனர். வேண்டுவோர் இன்றே பெயர் கொடுக்கலாம். மரமாகவும் வளர்க்கலாம், காய்க்கப் பல வருஷங்கள் செல்லும். சென்ற ஆடியில் நம் வீட்டுக் கொல்லையில், ஊரணிக்குச் சற்று விலகி, இரண்டு கன்றுகள் நட்டோம். ஒன்றை ஆடு தின்றுவிட்டது. மற்றொன்று முழங்கால் உயரம் வந்திருக்கிறது.