பழைய பத்திரங்களின் பாஷை

(சிவகிரியில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



கடன், தவணை, வசூல் என்பவற்றையே எப்பொழுதும் பேசுகிறவன் இன்று ஒரு கடற்கரைப் பட்டணத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது தங்களுக்கு வியப்பாயிருக்கலாம். கன்னியாகுமரி ஜில்லாவிலுள்ள குளச்சல் என்னும் சிறிய நகராட்சியே அது. தமிழும் மலையாளமும் அங்கே ஒரே கடைத்தெருவில் புழங்கி வந்திருக்கின்றன.

அவ்வூரில் ஒரு வெற்றித் தூண் நிற்கிறது. மிளகு வியாபாரத்தைத் தம் கைக்குள்ளேயே வைத்துக்கொள்ள விரும்பிய ஒல்லாந்துக் கம்பெனியார் 1741-ஆம் வருஷம் அக்கரையிற் படையிறக்கினர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் சேனை ஆகஸ்டு 10-ஆந் தேதி அவர்களை முறியடித்தது. அரசர் சேனை மிகப் பெரிதென்று கப்பலிலிருந்தோர் மயங்கும்படி, மீனவர்கள் துடுப்புகளைத் தோளிற் சாய்த்துக்கொண்டு கரையில் அணிவகுத்து நின்றார்கள் என்று ஒரு கர்ண பரம்பரைக் கதையும் வழங்குகிறது. கதையெல்லாம் சரித்திரமாகாது, ஆனால் எனக்கு அந்தப் பாகமே மிகவும் பிடிக்கும்.

போரிற் சிறைப்பட்ட டிலனாய் என்பவர் பின்னர் அதே மன்னரிடம் சேவகத்தில் அமர்ந்து, சேனையை ஐரோப்பிய முறையிற் பழக்கி, 1777-இல் காலமானார். உதயகிரிக் கோட்டைக்குள்ளே அவர் சமாதியைக் காணலாம். அதன் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். அடக்கஞ் செய்யப்பட்டவரின் மதத்தார் வாசிக்க ஒன்று, அம்மண்ணின் ஜனங்கள் வாசிக்க ஒன்று. வெட்டுவித்தவர் விவேகி.

கல்லைப் பார்க்க வெளியூரார் வருகிறார்கள். வீட்டுப் பெட்டியிலுள்ள காகிதத்தை யார் பார்க்கிறார்கள்? திருவிதாங்கூரில் சர்க்கார் காரியங்கள் மலையாளத்தில் நடந்தன. 1956-ஆம் வருஷம் நவம்பர் 1-ஆந் தேதி குளச்சல் அடங்கிய கல்குளம் முதலான தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. பிள்ளைகள் தமிழ் படித்தார்கள். பாட்டனாரின் பத்திரமோ பெட்டியில் மலையாளமாகவே கிடந்தது.

அப்பக்கத்து விவசாயி ஒருவர் அடமானக் கடனுக்காக அத்தகைய பத்திரமொன்றைக் கொண்டுவந்ததை நான் அறிவேன். அவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை, காரியதரிசிக்கும் தெரியவில்லை. பரிசோதிக்கச் சென்ற எனக்கும் தெரியவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். முதியவர் ஒருவரைத் தேடிப்பிடித்து வாசிக்கச் சொன்னோம். பக்கத்து நிலத்துக் கிணற்றில் முறைவைத்து நீரிறைக்கும் பாத்தியம் அதிற் கண்டிருந்தது! அந்தக் கிணற்றுக்காகவே அவர் பத்து வருஷமாக அண்டை வீட்டாரோடு மனஸ்தாபப்பட்டிருந்தார்.

இது தென்கோடிச் சங்கதியென்று தாங்கள் எண்ணவேண்டாம். நமக்கு அருகிலிருக்கும் செங்கோட்டையும் அதே தேதிவரை திருவிதாங்கூர்ச் சீமைதானே! அங்கே பெண் கொண்டவர்களும் நிலம் வாங்கியவர்களும் இக்கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் இத்தகைய காகிதம் இருந்தால், முதலில் அதன் வருஷத்தைக் கவனிக்கவேண்டும். அது கொல்லம் ஆண்டாக இருக்கும். ஆவணியில் பிறக்கும் அவ்வாண்டோடு 824-ஐக் கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் வரும். ஜனவரி பிறந்த பின் எழுதியதாயின் 825-ஐக் கூட்டவேண்டும். கொல்லம் 1116 தொடங்கியது 1940-இல். அடுத்தபடியாக நான்கெல்லை, வழிநடை, நீர்ப்பாத்தியம் இவை எழுதிய வரிகளை வாசிக்கச் சொல்லி, தமிழில் பிரதி செய்து மூலத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். பிரதி வந்துவிட்டதேயென்று மூலத்தைக் கிழித்தெறியாதீர்கள். கோர்ட்டில் கேட்பது மூலத்தைத்தான்.

வாசிக்கத் தெரிந்தவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்து வருகிறார்கள். செங்கோட்டையிலிருந்து அத்தகைய பெரியவர் ஒருவர் அடுத்த கூட்டத்துக்கு வரச் சம்மதித்திருக்கிறார். தங்களிடமுள்ள பத்திரங்களை எண்ணெய் படாமல் துணியிற் சுற்றி எடுத்து வாருங்கள். கண்ணாடி போட்டும் அவருக்குப் பார்வை சற்று மங்கல்தான், ஆகையால் பொழுது சாய்வதற்குள் வந்துவிடுங்கள்.